கருப்பி நக்கிய வட்டில்

அண்ணன் சாப்பிட்டு முடித்த வட்டிலில் ஒரு கை தயிர்ச்சோறு மிச்சமிருந்தது. அதை அப்படியே நடையில் வைத்தான். எங்கள் நாய் கருப்பி வந்து நாலு நக்கில் வட்டிலைப் பளபளவென்று ஆக்கிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்த நேரம் அது.

“ஏல, அது யாரு வட்டில்?”

“கழுவினாப் போகுதும்மா.”

“கழுவுறது யாரு?”

அண்ணனிடம் பதில் இல்லை. அம்மா அந்த எவர்சில்வர் வட்டிலைத் தூக்கிப்போய்த் தொழுவத்துச் சுவர்மேல் வைத்தாள். விளிம்பில் ஆச்சியின் பெயர் வெட்டிய, சீராக வந்த வட்டில். மூன்று நாள் வெயிலில் அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் மதினி நடுவில் புகுந்தாள். “வெந்நி ஊத்திக் கழுவிட்டேன் அத்தை, உள்ள எடுத்துருவோம்.” அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: “வெந்நி ஊத்தினா எச்சி போயிருமா தாயி?”

போன பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் நடந்தது இது. கோவில்பட்டியைச் சுற்றிக் கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் நாயோ பூனையோ வளர்க்கும் வீடுகளில் இந்தச் சண்டை ஏதோ ஒரு வடிவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பேத்தி தன் பால் தம்ளரைப் பூனைக்குச் சாய்க்கிறாள், பாட்டி கத்துகிறாள். மருமகன் மடியில் நாயை வைத்துக்கொண்டு ஒரே தட்டில் இட்லி பிட்டுப் போடுகிறார், மாமியார் எழுந்து போய்விடுகிறார். அம்மா கேட்ட இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. எச்சில் வெந்நீரில் போகுமா? கழுவுவது யார்? கால்நடை மருத்துவரிடம் போனேன், புத்தகங்களைப் புரட்டினேன். கடைசியில் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் போய் நின்றேன்.

கரிசல்காட்டுக்கு நாய் புதிதல்ல. கன்னியும் சிப்பிப்பாறையும் இந்த மண்ணில் உருவான நாய்கள். நீண்ட மூஞ்சி, முதுகோடு ஒட்டிய வயிறு, காற்றைக் கிழிக்கிற கால். கன்னி கறுப்பு, கண்ணுக்கு மேலே செம்பட்டையாய் இரண்டு பொட்டு, நெஞ்சிலும் காலிலும் அதே நிறம். சிப்பிப்பாறை என்பது பக்கத்து விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர், அதுவே நாய்க்கும் பெயரானது. கறி கொடுத்து வளர்க்கிற வசதி இந்த வறண்ட காட்டில் யாருக்கும் இருந்ததில்லை. கம்மங்கூழும் சோளக்கூழும் மோரும்தான் அவற்றின் சாப்பாடு. வீட்டார் என்ன குடித்தார்களோ அதையே நாயும் குடித்தது.

ஆனால் ஒரே பாத்திரத்தில் குடிக்கவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் தொழுவத்துக்கு வெளியே உடைந்த உரல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. குழிப்பக்கம் மேலே பார்த்திருக்கும். அதுதான் நாய்க்கு வட்டில். கோழிக்குப் பானை ஓடு, பூனைக்குச் சிரட்டை, மாட்டுக்குக் கழனித்தொட்டி. பாலும் தயிரும் உறியில் தொங்கின. பூனை வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே நம் வீடுகளில் உறி கட்டினார்கள். ஆக, நாய் வீட்டு ஆள்தான். ஆனால் அதன் இடம் வாசல். இந்த ஏற்பாடு இருந்தவரை சண்டைக்கு வேலையே இல்லை.

இந்த நாய்கள் ஓடிய முயல்வேட்டை இன்று சட்டப்படி குற்றம். காட்டில் ஓடிய நாய் காம்பவுண்டுக்குள் வந்தது, அங்கிருந்து நடைக்கு வந்தது, இப்போது கட்டில் வரை வந்துவிட்டது. இதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ராத்திரி மின்சாரம் போனால் என் காலடியில் வந்து படுக்கிற கருப்பியை வாசலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. நாய் உள்ளே வந்துவிட்டது, உரல் வெளியிலேயே நின்றுவிட்டது. சண்டைக்குக் காரணம் அதுதான்.

சரி, எச்சில் விஷயத்துக்கு வருவோம். நாயின் எச்சில் என்றதும் நம் மனசில் முதலில் வருவது வெறிநோய். பயம் நியாயமானது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநோயால் இறந்தபோது தென்னிந்தியாவில் அதற்கு மருந்தே கிடையாது. அந்தச் சாவுதான் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்படக் காரணமாயிற்று. ஆனாலும் கருப்பி நக்கிய வட்டிலை வைத்துக்கொண்டு ரேபிஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த வைரஸ் கடிவழியாக, கீறல்வழியாக, புண்மீதோ வாய், கண் போன்ற ஈரச்சவ்வின்மீதோ படும் எச்சில்வழியாகப் போகும். நாயைத் தொடுவது, அதற்குச் சோறு வைப்பது, காயமில்லாத தோலை அது நக்குவது ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் முதல் வகையில் வைத்திருக்கிறது. அதற்கு ஊசி தேவையில்லை. உடம்புக்கு வெளியே வந்துவிட்டால் உலர்வதும் வெயிலும் சோப்பும் அந்த வைரஸைச் சீக்கிரம் கொன்றுவிடும். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்வதும் அதனால்தான். அந்தக் கழுவலுக்குப் பிறகு ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தால் இந்தக் கவலை இன்னும் குறையும்.

“நாய் வாய் மனுச வாயவிடச் சுத்தம்” என்று அண்ணன் சொல்வான். நாய் பிரியர்கள் எல்லாரும் சொல்வதுதான். அது உண்மையல்ல. நாயின் வாயில் இருக்கும் கிருமிகள் வேறு, நம் வாயில் இருப்பவை வேறு. எண்ணிக்கையில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அவற்றில் கேப்னோசைட்டோஃபாகா என்று ஒன்று உண்டு. திடமான ஆளை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மண்ணீரல் எடுக்கப்பட்டவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், கல்லீரல் கெட்டவர் போன்றோரை அரிதாக, ஆனால் மிக மோசமாகத் தாக்கும். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் வாதத்துக்கே இடமில்லை. வட்டில் தனிதான்.

இவ்வளவையும் கால்நடை மருத்துவர் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “பொங்கலுக்குக் கிடா வெட்டுனீங்களா? கழிவ யாருக்குப் போட்டீங்க?”

எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் குளிர்ந்துவிட்டது. முதல்நாள் கிடா வெட்டும்போது ஈரலில் ஒரு ஓரம் வெள்ளையாகக் கொப்புளம் கட்டியிருந்தது. கோலிக்குண்டு அளவு, அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரியும். கறி போடுகிறவர் அந்தத் துண்டை அறுத்து ஒதுக்கினார். அதை எடுத்துக் கருப்பிக்கு வீசியது நான்தான். அவள் அந்தரத்திலேயே கவ்வினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தக் கொப்புளத்தை நீர்க்கட்டி என்கிறார்கள். எக்கினோகாக்கஸ் என்ற குட்டி நாடாப்புழுவின் இளம்பருவம் அதற்குள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் குடலில் புழுவாக வளரும். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, அரிசிமணியளவு இருந்தாலே பெரிசு. ஏழு வாரம் போனால் நாயின் கழிவில் முட்டை வரத் தொடங்கும். முட்டை புல்லில் விழும், ஆடு மேயும், ஆட்டின் ஈரலில் மறுபடி கட்டி கட்டும். இப்படி நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றும் சக்கரத்தில் மனிதன் தற்செயலாக மாட்டிக்கொள்கிறான். முட்டை நம் வாய்க்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும், அதுவும் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல். அறுவைசிகிச்சையில் எடுக்கும்போது கட்டி உடைந்து சிந்தினால் உயிருக்கே ஆபத்து. நாய் தன் பின்புறத்தை நக்கிவிட்டு வந்து வட்டிலை நக்குகிறது. அப்போது அந்த முட்டை நாக்கிலும் மூஞ்சியிலும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதன் முடியிலும் ஒட்டியிருக்கும். நாம் தடவிக் கொடுத்துவிட்டுக் கை கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்கிறோம்.

கரிசல் ஆட்டுக்காடு. வேம்பூர்ச் செம்மறி இந்தப் பக்கத்து இனம். எட்டயபுரத்தில் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வெளிமாவட்டத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டால், காவலுக்கு நாய் கூடவே படுத்திருக்கும். நாயும் ஆடும் ஒரே மண்ணில் புழங்குகிற ஊர் இது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் நடக்கிற கதை என்று தள்ளிவிட முடியாது.

வெளிநாட்டில் நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐஸ்லாந்தில் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு வரை ஆளுக்கு ஒரு மரக்கும்பா வைத்துச் சாப்பிட்டார்கள். அஸ்குர் என்று பெயர், மூடியும் போட்டது, மடியில் வைத்துத் தின்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் கும்பாவைத் தரையில் வைத்துவிடுவார்கள். நாயும் பூனையும் நக்கித் துடைக்கும். இது அங்கே எவ்வளவு சாதாரணம் என்றால், கிறிஸ்துமஸ் நாட்களில் வருவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பதின்மூன்று சேட்டைக்காரர்களில் ஒருவன் பெயரே கும்பாநக்கி. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, தரையில் வைத்த கும்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்த நாட்டில் ஆடும் ஏராளம். உலகத்திலேயே நீர்க்கட்டி நோய் மிகவும் கடுமையாக இருந்த நாடுகளில் ஒன்று அது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராபே என்ற ஆய்வாளர் வந்து, நாய்களின் குடலை அறுத்துப் பார்த்துப் புழுவைக் காட்டினார். மறு வருஷமே அவர் எழுதிய சிறு புத்தகம் வீடுவீடாக இலவசமாகப் போயிற்று. கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதே, எரி அல்லது ஆழப் புதை. நாய்க்குப் புழுமருந்து கொடு. நாயிடமிருந்து சாப்பாட்டையும் பாத்திரத்தையும் தள்ளி வை. ஐஸ்லாந்தில் படிப்பறிவு அதிகம், நீண்ட குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து எல்லாரும் வாசித்தார்கள். பிறகு சட்டங்கள் வந்தன. ரெய்க்யாவிக் நகரில் 1924இல் நாய் வளர்ப்பதையே தடைசெய்து 1984 வரை வைத்திருந்தார்கள். அந்த நோய் இன்று ஐஸ்லாந்தில் இல்லை.

மாத்திரையும் குழியும் புத்தகமும் சேர்ந்து ஒரு நாட்டின் நோயைத் துடைத்திருக்கின்றன. கும்பாவை மட்டும் பிரித்துவிட்டு நாய்க்கு ஈரலைத் தொடர்ந்து வீசியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது அதைத்தான். வட்டிலுக்காக மூன்று நாள் சண்டை போட்டோம். ஈரலுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், மதினிக்கு அப்போது நாலு மாதம். பூனை வாய் வைத்த பாலைக் குடித்தால் கர்ப்பத்துக்கு ஆகாது என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பயப்பட வேண்டிய கிருமி டாக்ஸோபிளாஸ்மா. அது பூனையின் எச்சிலில் வருவதில்லை, கழிவில் வருகிறது. வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்குப் பிறகுதான் நோய் பரப்பும் நிலைக்கு வரும். பூனைக்கு அது எலியையும் பச்சைக்கறியையும் தின்று வருவது. ஆகவே மதினி செய்ய வேண்டியதெல்லாம் பூனை புழங்கும் மண்ணை வேறொருவரை விட்டு அன்றன்றைக்கு அள்ளச் சொல்வது, கீரையை நன்றாக அலசுவது, கறியை நன்றாக வேகவைப்பது. அந்தப் பாலையும் கொட்டிவிடலாம். ஆனால் மண்ணை மறந்துவிட்டுப் பாலை மட்டும் கொட்டினால் பிரயோஜனமில்லை.

தனி வட்டில் என்ற சொல்லை நான் தயங்கித்தான் எழுதுகிறேன். இந்தக் கரிசல் மண்ணின் டீக்கடைகளில் மனிதருக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். சிலருக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். தென்மாவட்டங்களில் இரட்டைக்குவளை என்ற வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படாது. 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அள்ளியபோது, ஆடுமாடு குடிக்கிற அந்தக் குளத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள் குடிக்கக் கூடாதென்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குவளைகளைப் பிரித்தது சாதி. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாய் நக்கிய வட்டிலைக் கழுவி எடுத்த அதே வீடுகள், காட்டில் தங்களுக்காக உழைத்த மனிதனுக்குச் சிரட்டையை நீட்டின. எச்சில் என்ற சொல் நம் வாயில் இத்தனை கனமாக இருப்பதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம். அதனால், நாயின் வட்டிலைப் பிரிக்கும்போது பிள்ளைகளுக்குக் காரணத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ‘எச்சி, தீட்டு’ என்று சொல்லி வளர்த்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு அதை மனிதர்மேலும் வைக்கும். புழு, முட்டை, மாத்திரை என்று சொன்னால் நாயோடு நிற்கும்.

இனி அம்மாவின் இரண்டாவது கேள்வி. கழுவுவது யார்?

எங்கள் பக்கத்தில் தண்ணீர் எப்போதும் கணக்குத்தான். கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கிராமத்தில் குடம் வரிசையில் நிற்கும். குழாயடியில் நிற்பதும், சுமந்து வருவதும், அதை அளந்து அளந்து ஏனம் கழுவுவதும் பெண்கள். நாய் தட்டைக் கழுவ ஒரு சட்டி வெந்நீர் என்றால் அது யாருடைய குடத்திலிருந்து போகிறது? “கழுவினாப் போகுது” என்கிற வாய்க்கும், கழுவுகிற கைக்கும் இடையில்தான் இந்தச் சண்டை நிற்கிறது. அண்ணனுக்கு அது பாசம். அம்மாவுக்கு அது இன்னொரு ஏனம். இதை விளங்கிக்கொள்ளாமல், அம்மா பழைய ஆள், ஆச்சாரம் பார்க்கிறாள் என்று சொல்வது அநியாயம்.

படித்த ஊர்களிலாவது ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று பார்த்தால் அங்கும் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வுக்காக நாய் வளர்க்கும் 417 பேரிடம் விசாரித்தார்கள். நாய்க் கிண்ணத்தைத் தினமும் கழுவுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 12 பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறவர்களும் கழுவாதவர்களுமாகச் சேர்ந்து அதைவிட அதிகம். கிண்ணத்தின் அடியில் கொழகொழவென்று ஒரு படலம் படியும். விரலால் தேய்த்தால் வழுக்கும். கிருமிகள் கூடுகட்டி உட்கார்ந்திருப்பது அதில்தான். சும்மா தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது, நாரைப் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அம்மாவுக்கு நான் கொண்டுவந்த பதில் இதுதான். எவர்சில்வரில் துவாரம் கிடையாது. நார், சோப்பு, கை பொறுக்கிற மட்டும் சூடான தண்ணீர், பிறகு வெயில் என்றால் அது சுத்தம். நம் ஆட்கள் சாம்பல் போட்டுத் தேய்த்ததும் வீண் இல்லை, சாம்பல் எண்ணெய்ப்பசையை அறுக்கும். மண்சட்டியும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கும் அப்படியல்ல, அவை நாய்க்குக் கொடுத்தால் நாய்க்கே இருக்கட்டும். நாயின் வட்டிலுக்குத் தேய்க்கும் நார் தனி. வட்டில் ஒன்றைப் பிரித்துவிட்டு நாரைப் பொதுவாக வைத்திருந்தால் பிரித்ததற்கு அர்த்தமில்லை.

என் கருத்தையும் மறைக்கவில்லை. ஒரே தட்டில் கூடிச் சாப்பிடுவது வேண்டாம். நாய்க்கு ஒரு வட்டில், அதைக் கழுவுவது நாய்க்குச் சோறு வைக்கிற ஆள். இது அம்மாவின் கட்சி. அதில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய வேலை கருப்பியின் வயிற்றுக்குள் இருக்கிறது. பிரசிகுவாண்டல் கலந்த மாத்திரை, அவளுடைய எடைக்கு ஏற்றபடி. புழுமாத்திரை என்று கடையில் கொடுக்கிற எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை, அட்டையைப் படித்து வாங்க வேண்டும். குட்டியாக இருந்தால் பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்தே உருண்டைப்புழுவுக்கு மருந்து தொடங்கிவிட வேண்டும், தாயின் வயிற்றிலிருந்தே அது தொற்றி வரும். வருஷத்துக்கு ஒரு வெறிநோய்த் தடுப்பூசி. லூயி பாஸ்டர் முதல் ஊசி போட்ட 1885 ஜூலை 6ஐ நினைத்து, அந்த நாளில் அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். கிடா வெட்டினால் கட்டியுள்ள ஈரலுக்கு நாய் தோண்ட முடியாத ஆழத்தில் ஒரு குழி.

கருப்பிக்கு அந்த வாரமே மாத்திரை கொடுத்தோம், கருப்பட்டித் துண்டுக்குள் பதித்து. ஆறு வாரம் கழித்து இன்னொன்று. ஜூலை 6 அன்று மருந்தகத்துக்கு அவளைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனது அம்மா. வரிசையில் நின்று, ஊசி போட்டு, சீட்டை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். இப்போது அடுப்படிக் காலண்டரில் பால்கணக்குக்குப் பக்கத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அடுத்த மாத்திரைக்கு.

வட்டில் மட்டும் அடுப்படிக்குத் திரும்பவில்லை. வெந்நீர் பற்றி நான் சொன்னதையெல்லாம் அம்மா முழுசாகக் கேட்டாள். “நீ சொல்றது சரியா இருக்கும். எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்கு” என்றாள். பிறகு தொழுவத்துச் சுவரிலிருந்து அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். “இது இனி கருப்பிக்கு. ஆச்சி இருந்தாலும் குடுத்திருப்பா, அவளுக்கு நாய்னா உசுரு.”

பொழுது சாய்ந்ததும் அண்ணன் கல்லில் உட்கார்ந்து அதைத் தேய்க்கிறான். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பிடி சாம்பல். விளிம்பில் ஆச்சி பெயரின் எழுத்துகளுக்குள் சாம்பல் ஏறிக்கொள்கிறது, விரல்நகத்தால் எடுக்க வேண்டியிருக்கிறது. கருப்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்படிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: “ஏல, அடிய அழுத்தித் தேய்.”